உள்ளங்காலுக்கு வந்த வெளிச்சம்

ஏப்ரல் பதினைந்தாம் தேதி அரசாங்கம் மீன்களுக்கு அறுபத்தொரு நாள் விடுமுறை விட்டது. அதே தேதியில் காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரி சுந்தரமூர்த்தி ஒரு சபதம் எடுத்தார். தடைக்காலம் முடிந்து ஜூன் பதினைந்தாம் தேதி படகுகள் கடலுக்குக் கிளம்பும்போது, தன் படகின் சுக்கானைத் தானே பிடிப்பது. மச்சினன் நவநீதன் கையில் அதை விடுவதில்லை. தலை போனாலும் விடுவதில்லை.

தலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. போயிருந்தது கால்.

விசைப்படகு ஓட்டுகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு படகில் ஏறுவதில்லை. படகுக்குக் காட்டும் மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இன்னொரு காரணம் உண்டு. எஞ்சின் பேசுவது காதோடு அல்ல, உள்ளங்காலோடு. பலகை வழியாக ஏறிவரும் அதிர்வை வைத்தே டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, நீருக்கடியில் சுழலும் விசிறியில் கயிறு சுற்றியிருக்கிறதா, இழுவலை கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டதா என்பதையெல்லாம் ஒரு நல்ல ஓட்டுநர் சொல்லிவிடுவார்.

சுந்தரமூர்த்தியின் உள்ளங்கால் அந்த வட்டாரத்தில் பேர்பெற்றது. அடுத்தவர்கள் தங்கள் படகில் அவரை ஏற்றி நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் காலை வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நிபுணர்கள் கண்ணை மூடிக்கொள்வது உலக வழக்கம். "ரெண்டாவது இன்ஜெக்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் ரெண்டாவது இன்ஜெக்டராகவே இருக்கும்.

அந்தக் கால் ஒரு வருஷமாகச் செவிடாகிவிட்டது.

பத்து வருஷத்துச் சர்க்கரை வியாதி. மனித உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பில் கிளம்பிக் கால்விரலில் போய் முடிகின்றன. சர்க்கரை முதலில் கைவைப்பது நீளமான வழித்தடங்களில்தான். காரைக்காலில் கிளம்பிப் பக்கத்துத் திருநள்ளாறு போகும் பஸ் வழியில் கெட்டு நிற்பது அபூர்வம். சென்னை பஸ்ஸுக்குத்தான் அந்த பயம் எல்லாம். பகலில் எதுவும் உணராத அதே கால், படுக்கையில் நீட்டியதும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. மரத்துப்போன கால் எப்படி எரியும் என்று தர்க்க சாஸ்திரம் கேட்கலாம். நரம்புகள் தர்க்க சாஸ்திரம் படித்தவை அல்ல.

இதைச் சுந்தரமூர்த்தி யாரிடமும் சொல்லவில்லை. பாடகர் தொண்டை போய்விட்டது என்று சொல்வாரா? ஒரு வருஷம் காதால் எஞ்சினைக் கேட்டு, காலால் கேட்டதுபோல நடித்து, கடலில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். மார்ச் மாதத்தில் ஒருநாள் வலை பாறையில் மாட்டியது. படகே உதறியது. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து நவநீதன் கத்தினான்.

"மச்சான்! வலை மாட்டிக்கிச்சு! தெரியலயா?"

"தெரியும்டா மாப்ள. நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்."

வலை பாதிதான் திரும்பி வந்தது. செய்தி முழுசாக வந்தது, நவநீதன் வழியாக, அவன் அக்காள் அமிர்தத்துக்கு.

அமிர்தம் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவள். செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தே மீன் பிடிபட்டது இன்றா, நேற்றா, பனிக்கட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். மீனிடம் பொய் கிடையாது. அப்படியிருந்தும் அவள் சந்தேகப்படுவாள். பொய்யே தொழிலாகக் கொண்ட புருஷன் எம்மாத்திரம்?

"ஏங்க, காலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. கண்ணை மூடிக்குங்க. இப்ப என்ன பண்றேன்?"

சுந்தரமூர்த்தி யோசித்தார். பெண்சாதி உட்கார்ந்து காலைத் தொடுகிறாள் என்றால் வேறென்ன செய்வாள்?

"தடவிக் குடுக்கிற."

"கிள்ளுறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தார். கட்டைவிரலில் நகம் பதிந்து சிவந்திருந்தது. அமிர்தம் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்" என்றாள்.

டாக்டர் சர்க்கரைக்கு மருந்தை மாற்றினார். சோற்றைக் குறைத்தார். டீக்கடையை ஒழித்தார். கடைசியாக, எரிச்சலுக்கு ஒளி சிகிச்சை செய்து பார்க்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே விஷ்ணுப்ரியா என்ற பெண் இருந்தாள். நெல் விளையும் ஊர்க்காரி. கடலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. கையில் ஒரு பேனா மாதிரி வைத்திருந்தாள். அதன் நுனியில் விரலளவு நைலான் இழை.

"கண்ணை மூடிக்குங்க ஐயா. இது பட்டாத் தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

சுந்தரமூர்த்தி கண்ணை மூடுமுன் இழையை விரலால் உருட்டிப் பார்த்தார். "இது நம்ம தூண்டில் நரம்பும்மா. இதுல கெழங்கான் மீன் புடிக்கலாம்."

"இதுல உங்க நரம்பைப் புடிக்கப் பாக்குறோம் ஐயா."

பத்து இடத்தில் தொட்டாள். மூன்று இடத்தில் ஆமா வந்தது.

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே அமிர்தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"தடைக்காலம் முடியறதுக்குள்ள பத்துக்கு ஏழு வந்தா நீங்க ஓட்டுங்க. வரலன்னா நவநீதன் ஓட்டட்டும்."

"அவனா? அவனுக்குத் துறைமுக வாசலே தெரியாது!"

"உங்களுக்கு உங்க காலே தெரியல."

"முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன் அமிர்தம்."

"அதான் சொல்றேன். படகுல ஏழு பேரு போறீங்க. ஏழு பேரும் வீட்டுக்கு வரணும்."

இன்னொரு சங்கடமும் இருந்தது. படகு அமிர்தத்தின் அப்பா கொடுத்தது. பதிவும் அவள் பெயரில். மாமனார் கொடுத்த படகில், மாமனாரின் மகன் ஒருமுறை சுக்கானைப் பிடித்துவிட்டால், அதை அவன் கையிலிருந்து திரும்ப வாங்க நீதிமன்றத்தால்கூட முடியாது. ஆகவேதான் சபதம்.

சபதத்துக்கும் சிகிச்சைக்கும் நடுவில் ஒரு சின்னத் தடங்கல் இருந்தது. சுந்தரமூர்த்திக்குச் சிகிச்சையில் நம்பிக்கை இல்லை.

"வெளிச்சமா? வெளிச்சத்தைக் காட்டினா கால் எரிச்சல் போயிடுமா? கடல்ல நான் பாக்காத வெளிச்சமாம்மா? வெயில்லயே வெந்தவன் நான்."

விஷ்ணுப்ரியா அவர் பாதங்களை இரண்டு மெத்தைப் பட்டைகளில் சுற்றி ஒட்டினாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். பட்டையின் உட்புறம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன விளக்குகள். சுற்றிய விளிம்பின் இடுக்கில் சிவப்பு கசிந்தது. சூடு இல்லை. சத்தம் இல்லை. சுந்தரமூர்த்தி குனிந்து இடுக்கு வழியாக உற்றுப் பார்த்தார். பிறகு வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தார்.

"பாதி பல்பு எரியலம்மா. ஃபியூஸ் போயிருக்கு. மெக்கானிக்கைக் கூப்பிடு."

"எல்லாம் எரியுது ஐயா."

"நான் பொய்யா சொல்றேன்? ஒண்ணு விட்டு ஒண்ணு இருட்டா இருக்கு."

"உங்க போனைக் குடுங்க."

போனின் கேமராவைத் திறந்து பட்டையின் இடுக்கில் பிடித்தாள். திரையில் பார்க்கச் சொன்னாள். சுந்தரமூர்த்தி பார்த்தார்.

இருட்டாக இருந்த பல்புகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. வெளிறிய ஊதா நிறத்தில், ஒன்று தவறாமல். போனை விலக்கி வெறுங்கண்ணால் பார்த்தார்: இருட்டு. போனை வைத்தார்: வெளிச்சம். விலக்கினார். வைத்தார். இதை அவர் பதினான்கு முறை செய்தார்.

"இது அகச்சிவப்பு ஐயா. நம்ம கண்ணுக்குத் தெரியாது. சிவப்பைவிட இது ஆழமா உள்ள போகும்."

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"ஆமா."

"என் காலுக்குள்ள."

"ஆமா ஐயா."

ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக அவருக்குப் புரிந்தது: தான் பார்த்ததெல்லாம் இருப்பதில் பாதி. கடல்மேல் இத்தனை வருஷம் விழுந்த வெயிலிலும் இந்தக் காணாத வெளிச்சம் கலந்தேதான் இருந்திருக்கிறது. அவர் அதில் குளித்திருக்கிறார், தலை துவட்டியிருக்கிறார், அதன் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அமிர்தம், இங்க வந்து பாரேன்" என்றார். குரல் கோயிலில் பேசுகிற அளவுக்கு இறங்கியிருந்தது.

அமிர்தம் பார்த்தாள். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது சிகிச்சையின் முதல் அதிசயம்.

விஷ்ணுப்ரியா பொறுப்பான பெண். "ஐயா, இது மந்திரம் இல்ல. வெளிச்சம் பட்டா செல்லு கொஞ்சம் சுறுசுறுப்பாகுது, ரத்த ஓட்டம் கூடுதுன்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. சில பேருக்கு எரிச்சல் நல்லாக் குறையுது. சில பேருக்குக் கொஞ்சந்தான். தொட்டாத் தெரியறது ரொம்ப மெதுவா வரும். வராமலும் போகலாம். சர்க்கரை கட்டுக்குள்ள இல்லன்னா எதுவும் நடக்காது" என்றாள்.

இந்தச் சொற்பொழிவில் சுந்தரமூர்த்தியின் காதில் விழுந்தது "மந்திரம்" என்ற ஒரு சொல்தான்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிஷம். நான்காம் வாரம் ஒரு காலையில் கண்விழித்தார். ஜன்னலில் வெயில். எதையோ மறந்துவிட்டதுபோல ஒரு உறுத்தல். என்ன மறந்தோம் என்று யோசித்தார். எரிச்சலை மறந்திருந்தார். விடிய விடியத் தூங்கியிருந்தார். எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அமிர்தம்! எரியல!"

"என்னது?"

"அதாவது இருக்கு. ஆனா கொழம்புல உப்பு மாதிரி இருக்கு. முன்னாடி உப்புல கொழம்பு மாதிரி இருந்துச்சு."

அமிர்தம் அடுப்படியிலிருந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். செவுளைப் பார்க்கிற பார்வை. பொய் இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றாள். வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

அன்றிலிருந்து சுந்தரமூர்த்தி ஒளியின் பிரசாரகர் ஆனார். தடைக்காலத்தில் படகுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த துறைமுகம் முழுக்க அவர் பேச்சுத்தான். பக்கத்துப் படகுக்காரர் முத்தையன் பெயின்ட் அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

"முத்தையா, ஒனக்குத் தெரியுற வெளிச்சம் ஒண்ணுமே இல்ல. தெரியாத வெளிச்சம்தான் வேலை பாக்குது."

"எனக்கு முதுகுவலி இருக்குண்ணே. நம்ம டார்ச் லைட்டை அடிச்சாப் போகுமா?"

"ஒன் டார்ச்சுக்குக் கொசுகூட எந்திரிக்காது. இது நரம்பையே தட்டி எழுப்புற வெளிச்சம்டா!"

"எழும்பிச்சா?"

சுந்தரமூர்த்தி பெயின்ட் டப்பாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார். முத்தையன் தெரியாமல் கேட்டுவிட்டார். ஆனால் கேள்வி அதுதான். எரிச்சல் போயிற்று, உணர்ச்சி வரவில்லை. ஐந்தாம் வாரச் சோதனையில் பத்துக்கு நான்கு. ஆறாம் வாரமும் நான்கு. ஏழாம் வாரமும் நான்கு. தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. நவநீதன் ஏற்கனவே சுக்கான் அறையைத் துடைத்துவைக்க ஆரம்பித்திருந்தான். கேட்டால், "சும்மாதான் மச்சான்" என்றான்.

கடைசிச் சோதனைக்குச் சுந்தரமூர்த்தி கண்ணை மூடி உட்கார்ந்தார். இருட்டு. காத்திருந்தார். கலகல என்று மெல்லிய சத்தம். விஷ்ணுப்ரியாவின் கையில் கண்ணாடி வளையல். கை நீண்டால் வளையல் சரிகிறது, சரிந்தால் ஒலிக்கிறது, ஒலித்தால் இழை பாதத்தில் பட்டாயிற்று என்று அர்த்தம். நல்ல ஓட்டுநருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு வருஷம் எஞ்சினையே காதால் ஓட்டியவர்.

கலகல.

"ஆமா."

கலகல.

"ஆமாம்மா."

எட்டாவது கலகலவுக்கு வாயை இறுக மூடிக்கொண்டார். பத்துக்குப் பத்து வாங்குகிறவனைத்தான் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார். ஒன்பது என்பது நேர்மையாளனின் மதிப்பெண்.

"ஒம்போது ஐயா" என்றாள் விஷ்ணுப்ரியா.

"ஒம்போதா!" அமிர்தம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "வெளிச்சத்தோட மகிமையைப் பாருங்களேன்!"

அன்று மத்தியானம் நெத்திலிக் குழம்பு வைத்தாள். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டபோது மறுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் அமிர்தம் அவர் சொன்ன ஒன்றை முதல் தடவையிலேயே நம்பியது அன்றைக்குத்தான். அதை அவர் கவனித்திருக்கவேண்டும். நெத்திலியைக் கவனித்தார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை துறைமுகத்தில் எஞ்சின் வெள்ளோட்டம். பழுதுபார்த்து முடித்த படகுகள் பலகையோடு பலகை உரச வரிசையாகக் கட்டிக்கிடந்தன. அவர் படகுக்கு அந்தப் பக்கம் முத்தையன் படகு. அமிர்தம் கரைமேடையில் நின்றாள். நவநீதன் படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கியிருந்தான், மேல்மூடி திறந்திருந்தது.

"ஏறி நில்லுங்க" என்றாள் அமிர்தம். "நவநீதன் கீழ எஞ்சினைப் போடுவான். காலை வெச்சு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. ரெண்டு மாசமாச்சு உங்க வாயால கேட்டு."

சுந்தரமூர்த்தி படகில் ஏறினார். பலகைமேல் பாதங்களை அகட்டி ஊன்றினார். கண்களை மூடினார். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தடதடவென்று எஞ்சின் கிளம்பியது.

"ஆகா" என்றார்.

"தெரியுதாங்க?"

"தெரியுதாவா? முழங்கால் வரைக்கும் ஏறுது. சுகமான ஓட்டம். மூணாவது சிலிண்டர்ல மட்டும் ஒரு சின்ன இருமல். கட்டைவிரல்ல வந்து சொல்லுது பாரு."

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"ஒரு தடவை போதும் அமிர்தம். கால் பொய் சொல்லாது."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். எஞ்சின் அறையின் மூடி வழியாக நவநீதன் தலையை நீட்டி, எண்ணெய் படாத இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான். அவர் படகின் எஞ்சின் தூங்கிக்கொண்டிருந்தது. தடதடத்தது பக்கத்துப் படகு. முத்தையன் தன் எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு கும்பிட்டார்.

"என் எஞ்சின்ல இருமல் இருக்கிறது நெசந்தாண்ணே" என்றார் ஆறுதலாக.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"விஷ்ணுப்ரியா வளையலே போடமாட்டா" என்றாள் அமிர்தம், சத்தம் போடாமல். "அன்னைக்குக் காலைலதான் நான் வாங்கிட்டுப் போயிப் போட்டுவிட்டேன். நீங்க காலால கேக்குறீங்களா, காதால கேக்குறீங்களான்னு பாக்கணும்ல? நாலு தடவை கையை ஆட்டினா, தொடவே இல்ல. நாலுக்கும் 'ஆமா'ன்னீங்க. அப்புறமும் மனசு கேக்கல. எஞ்சின்ல பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனைச்சேன்."

கடைசி வாக்கியம்தான் அவரை உட்காரவைத்தது. ஐஸ்பெட்டியின் மூடிமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தெரியல அமிர்தம்" என்றார். "ஒரு வருஷமாத் தெரியல."

எஞ்சினைப் பற்றி ஒரு வருஷத்தில் அவர் சொன்ன முதல் உண்மை. சொன்னதும் அவருக்கே லேசாக இருந்தது.

அமிர்தம் முத்தையனிடம், "அண்ணே, உங்க எஞ்சினை நிறுத்தாதீங்க. நல்லா முறுக்கி விடுங்க" என்றாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுந்தரமூர்த்தி பக்கம் வீசினாள். "கண்ணைக் கட்டிக்குங்க. எஞ்சின் தொடைக்கிற பஞ்சைக் காதுல வைங்க. இப்ப நம்ம எஞ்சினையும் போடச் சொல்றேன். அவன் வேகத்தை ஏத்துறப்ப 'ஏறுது'ன்னு சொல்லுங்க. எறக்கறப்ப 'எறங்குது'ன்னு சொல்லுங்க. தெரியலன்னா?"

"தெரியலன்னு சொல்றேன்."

"அது போதும்."

முத்தையன் எஞ்சின் போட்ட இரைச்சலில் காது என்ற உறுப்பு இருந்தும் பிரயோஜனமில்லாமல் போயிற்று. அமிர்தம் கையைத் தூக்கி இறக்கிச் சைகை காட்டினாள். கீழே இருந்து அதைப் பார்த்து நவநீதன் எஞ்சினை ஏற்றி இறக்கினான். சுந்தரமூர்த்தி இருட்டில் நின்றார்.

முதல் தடவை: "தெரியல."

இரண்டாம் தடவை: "தெரியல."

பிறகு என்னவோ நடந்தது. இடது கட்டைவிரலின் அடியில், ஓரமாக, ஒரு எறும்பு ஊர்ந்தது. அசையாமல் நின்றார். எறும்பு நின்றது. மறுபடி ஊர்ந்தது. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஒரு வரிசையாயிற்று. எறும்பு இத்தனை ஒழுங்காகத் தாளம் போடாது என்று அவருக்கு உறைத்தபோது மயிர்க்கூச்செறிந்தது. தொலைதூரத்தில், ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தொலைத்த ஒரு குரல், விரல் நுனியில் வந்து முணுமுணுத்தது.

"ஏறுது" என்றார். "அமிர்தம், ஏறுது. விரல்ல. நெசமா விரல்ல."

அமிர்தத்தின் கை கீழே இறங்கியது.

"எறங்குது."

நடுவில் ஒருமுறை மறுபடி "தெரியல" வந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. கடைசியில் துண்டை அவிழ்த்தபோது அது நனைந்திருந்தது. நைலான் இழைக்கு எட்டாத நரம்பு எஞ்சினுக்கு எட்டியது எப்படி என்று விஷ்ணுப்ரியா பின்னால் விளக்கினாள்: தொடுவதை உணரும் நரம்பு ஒன்று, அதிர்வை உணரும் நரம்பு வேறொன்று, எது எப்போது எழும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. வெளிச்சமா, மாற்றிய மருந்தா, ஒழித்த டீக்கடையா, எது எழுப்பியது என்றும் அவள் உறுதியாகச் சொல்லவில்லை. சுந்தரமூர்த்தி அதெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அமிர்தம் விரல்விட்டு எண்ணி முடித்திருந்தாள்.

"ஏழு."

"ஏழா?"

"ஏழு சரி, மூணு தெரியல. பேச்சுன்னா பேச்சு. நீங்கதான் ஓட்டுறீங்க."

வரிசை முழுக்கப் படகுக்காரர்கள் கைதட்டினார்கள். முத்தையன் எஞ்சினை நிறுத்திவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

"அந்த மூணு தெரியலக்கு மட்டும் நவநீதன் உங்க பக்கத்துலயே நிப்பான்" என்றாள் அமிர்தம்.

"சுக்கான் அறைக்குள்ளயா? ஒரு ஆளு நிக்கிற இடம் அது!"

"ஒட்டிக்கிட்டு நில்லுங்க. சொந்தந்தானே."

சுந்தரமூர்த்தி பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். சுக்கான் கையில் இருக்கிறது. பக்கத்தில் யார் நின்றால் என்ன? ஜெயித்தவன் இப்படிச் சின்ன விஷயங்களைப் பார்க்கக்கூடாது.

ஜூன் பதினைந்து. அரசலாற்று முகத்துவாரத்தைத் தாண்டி நூறு படகுகள் கடலில் விரிந்தன. சூரியன் எழும்பி ஏழெட்டு முழம் மேலே வந்திருந்தது. கரை ஒரு கோடாகி, கோடும் அழிந்துபோயிற்று. சுந்தரமூர்த்தி சுக்கானைப் பிடித்து நின்றார். அவர் விலாவை ஒட்டி நவநீதன் நின்றான். வாசல் வழியாகச் சாய்வாக விழுந்த வெயில் நேராக அவர் பாதங்களில் கிடந்தது. தெரிந்த வெளிச்சம் கொஞ்சம், தெரியாத வெளிச்சம் எவ்வளவோ. கட்டைவிரலின் அடியில் எறும்புகள் தாளம் தப்பாமல் ஊர்ந்தன. உலகம் எவ்வளவு பெரியது, அதில் தன் கால்விரலை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வெளிச்சம் இருக்கிறதே என்று நினைத்தார்.

அப்போது இடது பாதத்தின் மேல் ஒரு பாரம் இறங்கியது. எறும்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. பாரம். கனமாக, வெதுவெதுப்பாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது அங்கே இருந்தது.

"மாப்ள!" என்று கூவினார். "வந்துடுச்சுடா! முழுசா வந்துடுச்சு! பாதத்து மேல, பாரமா, தெளிவாத் தெரியுது!"

நவநீதன் தன் குதிகாலை அவர் பாதத்திலிருந்து மெதுவாக எடுத்தான்.

"கோச்சுக்காதீங்க மச்சான். அரைமணிக்கு ஒரு தடவை மிதிச்சுப் பாத்துக்கச் சொல்லி அக்காதான் அனுப்பிச்சு."

சுந்தரமூர்த்திக்கு ஒரு கணம் கோபம் வந்தது. மறுகணம் பெருமை அதை மூடிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"போடு போனை ஒங்கக்காளுக்கு. மிதிச்ச மாத்திரத்துல சொல்லிட்டாருன்னு சொல்லு."

நவநீதன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இது மூணாவது மிதி, மச்சான்."